உப்பில்லாத நான்கு நாள்

எங்கள் ஊரில் ஜூடோ என்றால் கராத்தே. எத்தனை முறை விளக்கினாலும் கராத்தேதான். 2005இல் வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் வெண்கலம் வாங்கிக்கொண்டு வந்தபோது பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டார்கள், மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் ஆறு ஓடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் அடுக்கி, "உடைச்சுக் காட்டும்மா, ஜனங்க பாக்கட்டும்" என்றார். நான் ஓடு உடைக்கிறவள் இல்லை, எதிரில் நிற்கிற ஆளின் சட்டையைப் பிடித்து, முதுகு தரையில் படும்படி தூக்கிப் போடுகிறவள் என்று மைக்கில் சொன்னேன். "அப்ப யாரையாவது தூக்கிப் போடு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். என் அப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

அப்பா உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். எழுபது கிலோவுக்குக் குறைய மாட்டார். அவரைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து, வலிக்காமல் இறக்கினேன். விசில் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "பெத்தவனத் தூக்கிப் போட்டதுக்கு மாலை வேற" என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அம்மாவுக்கு என் விளையாட்டின் மேல் கோபம் கிடையாது. அந்த விளையாட்டு என்னைப் பட்டினி போட்டதே, அதன் மேல்தான் கோபம். அந்தக் கோபத்தால் நடந்த ஒரு காரியத்தையும், அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தையும் இத்தனை வருஷம் கழித்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூடோவில் எடைப் பிரிவுகள் உண்டு. அப்போது பெண்களில் ஆகக் கீழே இருந்தது நாற்பத்தெட்டுக் கிலோ. போட்டி நடக்கும் அன்று காலையில், மூடிய அறைக்குள், பெண் அதிகாரிகள் முன்னால் ஏறக்குறைய துணியில்லாமல் தராசில் ஏற வேண்டும். நாற்பத்தெட்டைத் தாண்டி ஒரு புள்ளி காட்டினாலும் அன்றைக்கு ஆட முடியாது. ஆறு மாதம் விழுந்து எழுந்ததெல்லாம் அந்த அறைக் கதவோடு சரி. பயிற்சி முகாமில் எங்களுக்குப் பெயர் கூடக் கிடையாது. "ஃபார்ட்டி எய்ட் எங்க? ஃபிஃப்டி டூ எங்க?" என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

என் உடம்பு தனக்கென்று வைத்திருந்த எடை ஐம்பத்தொன்று. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் அங்கேதான் போய் நிற்கும். அந்த மூன்று கிலோவைப் போட்டிக்குப் போட்டி கழற்றி வைப்பதும் திரும்ப மாட்டிக்கொள்வதும்தான் என் முதல் வேலை. ஆளைப் பிடிப்பதும் எறிவதும் அதற்கப்புறம். முதலில் சோறு போகும், அடுத்தது எண்ணெய். பிளாஸ்டிக் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடுவோம். கடைசி நாளில் தண்ணீரும் நின்றுவிடும். வாயில் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலை பாட்டிலில் துப்பியபடி பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். எங்களுக்கு வெட்கமெல்லாம் போய்விட்டிருந்தது. யார் பாட்டில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்வோம்.

இதிலெல்லாம் முக்கியமானது உப்பை நிறுத்துவது. நான்கு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டால், உடம்பு பிடித்து வைத்திருக்கிற தண்ணீரைத் தானாகவே விட்டுவிடும். எங்கள் கோச் மேடம் இதில் ரொம்பக் கண்டிப்பு. பயிற்சியில் சோர்ந்து நின்றால் மட்டும், "சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?" என்று கத்துவார். "இல்ல மேடம், நீங்கதான் போட வேணாம்னு சொன்னீங்க" என்று ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன். மைதானத்தைப் பதினைந்து சுற்று ஓடினேன். என் வாய் அப்படி.

மேடத்துக்குச் சொல்வது சுலபம். உப்பு விளைகிற ஊரில் போய் உப்பு கூடாது என்று யாரிடம் சொல்வது? அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தாள். விடியுமுன் போய்விடுவாள். ஆண்கள் பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, வரப்பு வழியே நடந்து மேட்டில் குவிக்க வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் மேலிருந்தும் அடிக்கும், வெள்ளைத் தரையிலிருந்தும் அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூக்குவாளியில் கொண்டுபோகும் கஞ்சியில், வீட்டில் போட்ட உப்பு போதாதென்று, பாத்தி உப்பையும் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக் கலக்கிக் குடிப்பார்கள். அதைக் குடிக்காமல் கூடை தூக்கினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், கண் இருட்டும். அப்படி வரப்பிலேயே விழுந்தவர்களை அம்மா பார்த்திருக்கிறாள். "வேர்வையில போற உப்பு கஞ்சியில வரணும்." அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அதில் தப்பும் இல்லை.

அதனால் நான் வீட்டுக்கு வந்து உப்பில்லாமல் சாப்பிட்டபோதெல்லாம் சண்டை.

"உப்பில்லாச் சோறு செத்தவங்களுக்குப் படைக்கிறதுடி. உசுரோட இருக்கிற பொண்ணுக்கு நான் எப்படிப் போடுவேன்?"

"நீ போடாத. நானே போட்டுக்கிறேன்."

"இந்த வெயில்ல அந்த காயிதப் பையி சட்டைய மாட்டிக்கினு ஓடற. எங்கியாவது விழுந்து வச்சா?"

"விழறதுதாம்மா என் வேலையே."

இதற்கு மேல் அவள் பேச மாட்டாள். பாத்திரங்கள் பேசும்.

முதல் முறை வெளிநாடு போனது 2004இல். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டோடு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு உப்புப் பொட்டலம் வைத்திருந்தார்கள். எனக்கு ஆகாது, ஆனாலும் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் போட்டி எனக்கு நாற்பது வினாடியில் முடிந்தது. எதிரில் நின்றவள் என் கழுத்துப் பட்டையில் கை வைத்தது தெரியும். அடுத்துத் தெரிந்தது கூரை விளக்குகள். எண்ணி எண்ணி எடையைக் குறைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய் நாற்பது வினாடி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம உப்புல பாதி கூட கரிப்பு இல்ல" என்றாள். அந்தப் பயணத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே வெற்றி அதுதான்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. நான் முகாமில் இருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாத்திகளில் மணலும் சேறும் ஏறிவிட்டன. பல மாதம் அம்மாவுக்குக் கூடையும் இல்லை, கூலியும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அம்மாவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது இருக்கும். உட்கார்ந்தபோதுதான் அவள் எவ்வளவு களைத்திருந்தாள் என்று தெரிந்தது. அடுத்த வருஷம் நான் வெண்கலம் வாங்கினேன். "இன்னும் ஒரு பெரிய போட்டி ஆடிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வந்துடும்" என்று மேடம் சொன்னார். வேலை வந்தால் அம்மா கூடையை இறக்கி வைக்கலாம். எனக்கு அந்தக் கணக்கு நன்றாகப் புரிந்தது. பதக்கம் வேண்டும் என்று அதுவரை ஆடியவள், அதன் பிறகு அந்த வேலைக்காக ஆடினேன்.

பெரிய போட்டிக்கான தேர்வு 2006 சித்திரையில் பாண்டியில் நடந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருத்தி. நாற்பத்தெட்டில் என்னோடு போட்டியில் இருந்தவள் வடக்கேயிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கும் எனக்கும் பேசப் பொதுவான மொழி இல்லை, சட்டைப் பட்டையைப் பிடித்தே பழகியவர்கள். அதற்கு முன்னால் மூன்று முறை மோதியதில் இரண்டு முறை நான் ஜெயித்திருந்தேன். அவளுடைய இடது கால் எப்போது முன்னால் வரும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எடை மட்டும் நின்றுவிட்டால் போதும், மற்றது என் கையில் என்று நினைத்தேன்.

முகாம் சாப்பாட்டில் உப்பைப் பிரிக்க முடியாது என்பதால், வீடு ஒரு மணி நேரத் தூரம்தான் என்று சொல்லி, நான்கு நாள் முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டேன். மேடம் விடும்போதே எச்சரித்தார்: "அம்மா கையால சாப்பிடாத. நீயே பொங்கிக்க."

முதல் மூன்று நாள் நானே பொங்கிக்கொண்டேன். அவித்த காய், அவித்த முட்டை வெள்ளைக்கரு, இரண்டு வாய் சோறு. அம்மா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பில்லாத சாப்பாட்டில் முதல் நாள் கோபம் வரும், இரண்டாம் நாள் அழுகை வரும், மூன்றாம் நாள் ஒன்றும் வராது. யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே யோசனையாக இருக்கும். நான்காம் நாள் சாயங்காலம் அப்பா வேலை செய்கிற கொட்டகைக்குப் போய், மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். அப்பா குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டே கால். ஒரு மூட்டைக்குக் கூட வர மாட்டேன்ற" என்றார். போட்டிருந்த துணியைக் கழித்தால் நாற்பத்தெட்டு. தூக்கத்தில் அரைக் கிலோ தானாகவே குறையும். அதனால் அரை டம்ளர் கஞ்சிக்கு இடம் இருந்தது. அந்த அரை டம்ளரை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, "நான் வைக்கிறேன். உப்பு போடல, போ" என்றாள். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. நொய்க் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்தது. கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அவசரமாக அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

நான்கு நாள் உப்பைப் பார்க்காத நாக்கு. ஒரு கல் விழுந்திருந்தாலும் சொல்லியிருக்கும். அவள் ஒரு கல் போடவில்லை, உப்பளத்துக்குப் போகிறவர்களுக்குப் போடுவதுபோலவே போட்டிருந்தாள். காது மடல் வரைக்கும் ஏதோ ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பியிருக்கலாம். எழுந்து கிண்ணத்தை வெளியே வீசியிருக்கலாம். என் குணத்துக்கு அதுதான் இயல்பு. ஆனால் என் கை கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டே போனது. அடி வரைக்கும் குடித்துவிட்டு, கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே ஊற்றினாள். அதையும் குடித்தேன். பிறகு தாகம் எடுத்தது. அவள் கொல்லைப் பக்கம் போயிருந்தபோது பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அன்றைக்கு உப்பைப் போட்டது அவள் கை, விழுங்கியது என் வாய். ஒரு பொழுதுக்கு நான் ஃபார்ட்டி எய்ட்டாக இல்லை, அம்மா வீட்டில் சாப்பிடுகிற ஒரு பெண்ணாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன். காலையில் ஓடிச் சரி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழந்தை மாதிரித் தூங்கினேன்.

விடிகாலை பஸ் பிடித்துப் பாண்டியில் இறங்கி, அரங்கத்தில் சோதனைக்காக வைத்திருந்த தராசில் ஏறினேன். 48.9.

இறங்கித் திரும்ப ஏறினேன். தராசு அதையேதான் சொன்னது.

எடை அறை மூட ஒன்றரை மணி நேரம் இருந்தது. மேடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜாக்கெட்டை என் தலை வழியாக மாட்டிவிட்டு, "ஓடு" என்றார். ஓடினேன். அரங்கத்தின் பின்னால் சிமெண்ட் தரையில் முப்பது சுற்றோ நாற்பது சுற்றோ. நான் உட்கார்ந்தால் கையைப் பிடித்து எழுப்பி அவரும் கூடவே ஓடினார். 48.5. மிட்டாயை வாயில் போட்டால் எச்சில் ஊறவில்லை. துப்ப ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டம். 48.2. உடம்பு அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூட விட மறுத்தது. வேர்க்கவே இல்லை, தோல் காய்ந்து கொதித்தது. பத்து நிமிஷம் இருந்தபோது மேடம் என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"வெட்டுங்க மேடம்."

முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோல். கட்டுத் துணி வெட்டுகிற மொண்ணைக் கத்தரி. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைக் காதோரமாக அவர் அறுத்து அறுத்து எடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்த் தராசில் ஏறினேன். 48.1. மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு என் அம்மா வயது இருக்கும். என்னைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், திரும்ப என் தலையைப் பார்த்தார். பிறகு என் பெயருக்கு நேராகக் கோடு போட்டார். நூறு கிராம்.

வெளியே வந்தபோது அந்த வடக்கத்திப் பெண் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. இனி ஆடாமலே அவள் பெரிய போட்டிக்குப் போகலாம். எழுந்து வந்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் வைத்தாள். அவள் சந்தோஷப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மேடம் அப்போதுதான் கேட்டார்: "என்ன சாப்ட?"

"அம்மா கஞ்சியில உப்பு போட்டுட்டாங்க, மேடம்."

அந்த வாக்கியத்தில் பொய் ஒரு சொல் கூட இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

அதற்கப்புறம் நான் வெளிநாட்டில் ஆடவில்லை. மேல் பிரிவில், ஐம்பத்திரண்டில் இரண்டு தடவை ஆடிப் பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் என்னை நாற்காலி நகர்த்துவதுபோல் நகர்த்தினார்கள். வேலை வரவில்லை. என் ஆட்டம் அந்தத் தராசோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் பெரிய பொய்யாக இருக்காது. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன பிறகு நடந்தது.

துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன். அம்மா வாசலிலேயே அதைப் பிடித்து இழுத்தாள்.

"முடி எங்கடி?"

"வெட்டிட்டாங்க. எடைக்கு."

"எந்தக் கட்டையில போறவடி வெட்டுனது? எடைக்கு முடிய வெட்டுவாங்களா? அப்ப ஜெயிச்சியா?"

"ஆடவே விடல. எடை கூட இருந்துச்சு."

"எவ்ளோ?"

"நூறு கிராம்."

அம்மா என்னை நம்பாமல் பார்த்தாள். அவள் வாழ்நாள் முழுக்க மூட்டைகளோடு புழங்கியவள். "நூறு கிராமா? மூட்டைய தூக்கி வைக்க சொல்லவே அத்தினி கொட்டும். அதுக்காடி திருப்பி அனுப்புனாங்க? அவங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?" என்று அந்த அதிகாரிகளின் குலத்தையே இழுத்து வைத்துத் திட்டினாள். திட்டி முடித்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "நேத்து சரியாத்தான இருந்துச்சு, அப்பா சொன்னாரு. ஒரு ராத்திரியில எது ஏறுச்சு?"

"தண்ணி. உடம்புல தண்ணி தங்கிடுச்சு."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஈரக்காற்று அடித்தால் கட்டி வைத்த மூட்டைக்குள் இருக்கிற உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொண்டு கனக்கும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவளுக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் போட்ட உப்பா, பாப்பா?"

"ஆமா" என்றேன்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. 'ஆனால் எனக்குத் தெரியும், தெரிந்துதான் குடித்தேன்.' அதை நான் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை யார் மேலாவது இறக்கி வைக்காமல் எனக்கு மூச்சு வராதுபோல இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அம்மா, அவ்வளவுதான். அவள் உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து மேல் பலகையில், கை எட்டாத இடத்தில் வைத்தாள். எனக்காக வைக்கிறாள் என்று நினைத்தேன்.

எட்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் வயதுக்கும் படிப்புக்கும் பொருந்தாத வீம்பு, ஒப்புக்கொள்கிறேன். அவள் வழக்கம்போல் விடியுமுன் கஞ்சி ஊற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள், வந்தாள், எனக்குச் சோறு போட்டாள். என் தட்டில் மட்டும் ஓரமாக உப்பு வைத்தாள். அவள் தட்டை நான் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அப்பாவும், அம்மாவோடு கூடை தூக்கும் ஒரு அக்காவும் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வரப்பில் கூடையோடு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். முழங்கை முழுக்க உப்பில் சிராய்த்த காயம். கெண்டைக்கால் கட்டையாக இறுகியிருந்தது. அவளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு அந்த அக்கா என்னிடம் சொன்னாள்:

"ஒரு வாரமா கஞ்சியில உப்பே போட்டுக்கல உங்கம்மா. நாங்க போட்டுக் குடுத்தா கூட வேணான்ட்டாங்க. இன்னா வேண்டுதல்னு கேட்டா வாயே தொறக்கல. நீயாவது கேளு."

அவர்கள் போன பிறகு முக்காலி போட்டு ஏறி அந்த ஜாடியை எடுத்தேன். கஞ்சியில் உப்பு போட்டுக் கலக்கிக்கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ம்மா. அன்னிக்கு எனக்குத் தெரியும்."

அவள் திரும்பவில்லை.

"உப்பு போட்டிருந்தது முதல் வாயிலயே தெரிஞ்சிடுச்சு. துப்பியிருக்கலாம். துப்பல. தெரிஞ்சுதான் இன்னும் கேட்டேன். நீ கொல்லைக்குப் போனப்ப தண்ணியும் குடிச்சேன். உன் மேல தப்பு இல்லம்மா. நான்தான். உன் மேல போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறைந்தது 'அடிப்பாவி' என்றாவது சொல்லியிருக்கலாம். எட்டு நாள் உப்பில்லாமல் வெயிலில் கூடை சுமந்தவளுக்கு அந்த உரிமை இருந்தது. அம்மா மெதுவாகப் புரண்டு என் பக்கம் திரும்பினாள். கத்தரித்த என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்தக் கஞ்சிதான்டி. வாய்க்கு நல்லா இருந்துச்சா?"

அந்தத் தராசின் மேல் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. "அத்தினி ருசியா நான் எதையும் குடிச்சதே இல்லம்மா" என்றேன்.

"நாலு நாளா எப்படிக் கிடந்த" என்றாள். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்துக்காகக் கையை நீட்டினாள்.